பியூலாவும் ஐந்து குட்டிகளும்

வில்லோ பெண்ட், சஸ்காச்சுவான்
பிப்ரவரி 9, வெள்ளி

அன்புள்ள டெல்மர்,

கம்ப்யூட்டரில்தான் தட்டுகிறேன் என்றாலும் கடிதம் மாதிரியே எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல். போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நாய் விஷயத்தில் ஆரம்பித்து, போன இலையுதிர் காலத்தில் நீ வீட்டை விட்டுப் போன விஷயத்தில் போய் நிற்போம். அதற்கு இப்போது எனக்குத் தெம்பு இல்லை.

பியூலாவுக்கு இன்று காலை ஆபரேஷன் ஆகிவிட்டது. புல்டாக் என்றால் குட்டிக்குத் தலை பெரிசு, தாய்க்கு இடுப்பு சின்னது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று நீ பலமுறை சொல்லியிருக்கிறாய். சொல்லிக் கேட்பது வேறு, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது வேறு. டாக்டர் ஹால்வர்சன் ஆறு குட்டிகளை எடுத்தார். ஒன்று மூச்சு விடவில்லை. அதை டவலில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரே ஓரமாக வைத்தார். மீதி ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. மூன்று ஆண், இரண்டு பெண். கடைசிப் பெண் மற்றவற்றில் பாதிதான் இருக்கிறது. உடம்பெல்லாம் வரி.

துணி துவைக்கும் அறையில் இடம் போட்டிருக்கிறேன். வீட்டிலேயே அதுதான் சூடான அறை. வெளியே மைனஸ் முப்பத்தைந்து. டிரக்கிலிருந்து நாயைத் தூக்கி வருவதற்குள் என் கண்ணிமை ஒட்டிக்கொண்டது.

பிரச்சினை இதுதான். பியூலா குட்டிகளைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். பக்கத்தில் வைத்தால் எழுந்து தள்ளாடிப் போய்க் கதவைப் பார்த்து நிற்கிறாள். ஒன்று கத்தியபோது, வேறு யாரோ வீட்டு விஷயம் என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். மயக்கம் தெளியத் தெளியச் சரியாகும், ஆனால் தனியாக விட்டுவிடாதே என்றார் டாக்டர். முதியோர் இல்லச் சமையலறைக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் வந்து அவளை ரெஜைனாவுக்குக் கூட்டிப் போய் இணை சேர்த்துவிட்டு, என் வாசலில் இறக்கிவிட்டு விமானம் ஏறிப் போனவன் நீ. எனக்கு நாய்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று உனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

கொரீன்


சுரங்க முகாம்
பிப்ரவரி 10

அன்புள்ள கொரீன்,

ஷிஃப்ட் முடிந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறில் ஐந்து பிழைத்தது நல்ல செய்தி. புல்டாக்குக்கு அது பெரிய விஷயம். நீ அவளை நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாய்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அவளைத் திட்டாதே. குரலையும் உயர்த்தாதே. அவள் கெட்ட தாய் இல்லை, கொரீன். அவள் நிலைமையில் இருந்து பார். வயிற்றோடு தூங்கினாள். கண் விழித்தால் வயிறு இல்லை. தையல் இழுக்கிறது. தலை சுற்றுகிறது. முன்பின் தெரியாத ஐந்து ஜீவன்கள் எதிரே கிடந்து கத்துகின்றன. தானாகப் பெற்றிருந்தால் ஒவ்வொன்றையும் நக்கித் துடைத்திருப்பாள். அந்த ருசியும் வாசமும் சேர்ந்து, இது உன்னுடையது என்று உடம்பே அவளுக்குச் சொல்லியிருக்கும். அவளுக்கு அது கிடைக்கவில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இந்தா, அன்பு காட்டு என்றால் எப்படி முடியும்?

இப்போது செய்ய வேண்டியது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் தடவிய மருந்து வாசம் அவளுக்கே பிடிக்காது. தையலில் படாமல், காம்புகளைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடு. குட்டிகளை டாக்டர் சுற்றிக் கொடுத்த டவல்கள் இருக்கும். அவற்றைத் துவைக்காதே. பெற்ற வாசம் அதில்தான் இருக்கிறது. அதையே அவள் தலைமாட்டில் போடு. குட்டிகளைத் தனியாக ஒரு பெட்டியில், அடியில் சூட்டு மெத்தை போட்டு, அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வை. பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, நீ தலையைப் பிடித்துக்கொண்டு, குட்டிகளைக் காம்பில் சேர்த்துவிடு. குட்டி உறிஞ்ச உறிஞ்சத்தான் தாய்க்குப் பாசம் ஊறும். குடித்ததும் எடுத்துவிடு. அவள் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தாதே.

நல்ல கோழி சூப் வைத்துக் கொடு. உன் கையால் ஊட்டினால் சாப்பிடுவாள்.

இங்கே காற்று பயங்கரமாக வீசுகிறது. லாரிகள் வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

டெல்மர்


வில்லோ பெண்ட்
பிப்ரவரி 12

டெல்மர்,

டவல்களைத் துவைத்துவிட்டேன். உன் கடிதம் வரும்போது அவை உலர்த்தும் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தன. ரத்தத் துணியைப் பார்த்தால் துவைக்காமல் என்னால் இருக்க முடியாது.

மற்றதெல்லாம் நீ எழுதியபடியே செய்தேன். வயிற்றைத் துடைத்தேன். பெட்டி வைத்தேன். தலையைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தத் தலை என்ன கனம்! குட்டிகள் குடிக்கும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, பல் பிடுங்கப் போனவள் போலப் படுத்திருக்கிறாள். முடிந்ததும் எழுந்து கதவுக்குப் போய்விடுகிறாள். குட்டிகளுக்குச் சிறுநீர் போகவைக்க, வெந்நீர்ப் பஞ்சால் நானேதான் தடவிவிட வேண்டியிருக்கிறது. தாய் நக்கிச் செய்ய வேண்டிய வேலை. பஞ்சை வைத்துக்கொண்டு ஐந்தையும் வரிசையாகத் துடைத்து முடிப்பதற்குள் முதல் குட்டிக்கு மறுபடி பசி வந்துவிடுகிறது. நான் எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. சோபா மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதுகு ஒத்துழைக்க மறுக்கிறது.

நேற்று மத்தியானம் அந்தச் சின்ன வரிக்குட்டி காம்பு தவறி, அவள் முகத்துப் பக்கம் ஊர்ந்துபோய்விட்டது. என் கை ஒரு நொடி தளர்ந்திருந்தது. லபக்கென்று கடிக்க வாயைக் கொண்டுபோனாள். நான் நடுவில் கை விட்டதால் பல் என் மணிக்கட்டில் பட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் கத்திவிட்டேன். "என்ன ஜென்மம் நீ? உன் குட்டிடீ அது!" என்று வீடே அதிரக் கத்தினேன். அவள் கதவோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் முதுகு நடுங்கியது. திட்டாதே என்று நீ எழுதியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அதே நேரம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஐவர் வந்து நின்றார். அவர் மனைவி பெரோகிக் கொழுக்கட்டை செய்து கொடுத்தனுப்பியிருந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் என்னையும் நாயையும் பார்த்தார். "நாய்க்குன்னு லீவு போட்டுட்டு உக்காந்திருக்கியே கொரீன். அந்த மனுசன் கிளம்பிப் போனப்போகூட நீ ஒரு நாள் லீவு போடலயே" என்றார்.

"அந்த மனுசனுக்குப் பஞ்சு வச்சுத் தொடைக்க வேண்டியதில்லையே" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் குட்டிகள் எல்லாம் விழித்துக்கொண்டன. உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். இந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

வரிக்குட்டி மற்றவை போல எடை ஏறவில்லை. பாட்டிலில் பால் கொடுக்கிறேன். பாதி மூக்கு வழியாக வருகிறது. இது பிழைக்காது என்று நினைக்கிறேன். பியூலாவும் அப்படித்தான் நினைக்கிறாளோ என்னவோ.

கொரீன்


சுரங்க முகாம்
பிப்ரவரி 13

அன்புள்ள கொரீன்,

ஐவருக்கு வாய் எப்போதும் நீளம்தான். போகட்டும்.

கையை டாக்டரிடம் காட்டு. நாய்ப் பல் பட்டதைச் சும்மா விடாதே.

அவள் கடிக்கப் போனது வெறுப்பால் இல்லை. வலியால். வலி மருந்து நேரம் தவறாமல் போகிறதா என்று பார். வலிக்கிற உடம்பு யாரையும் கிட்டே சேர்க்காது. அவள் கதவுக்குப் போவதும் குட்டிகளை விட்டு ஓட இல்லை. எங்கே போனால் இந்த வலி இருக்காது என்று தேடுகிறாள், பாவம்.

டவல் போனால் போகட்டும். வேறு வழி இருக்கிறது. அவள் பாலையே கொஞ்சம் பீய்ச்சிக் குட்டியின் தலையிலும் முதுகிலும் தடவு. தன் பால் வாசம் அவளுக்குத் தெரியும். முதலில் ஒரே ஒரு குட்டி. அதுவும் பின்பக்கத்தை அவள் மூக்குக்குக் காட்டி நீட்டு. முகத்தை நேரே கொண்டுபோனால் மிரளுவாள். மோந்தாலே போதும், எடுத்துவிடு. நக்கினால் இன்னும் கொஞ்ச நேரம் வை.

இன்னொன்று சொன்னால் சிரிக்காதே. அவளோடு பேசு. என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை, எப்படிப் பேசுகிறோம் என்பதுதான். நான் என்றால் அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இப்படிச் சொல்லுவேன்: "பரவால்லடா கண்ணு. வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். பயமா இருக்குதுன்னும் தெரியும். உன்மேல ஒரு தப்பும் இல்ல. இன்னைக்கே பிடிக்கணும்னு இல்ல. மெதுவா வரட்டும். நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல."

இதை மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல். அவளுக்குப் புரியும்.

வரிக்குட்டியை விட்டுவிடாதே. பாட்டிலின் காம்பு ஓட்டை பெரிதாக இருக்கும், அதுதான் மூக்கில் ஏறுகிறது. வேறு காம்பு மாற்று. குட்டியை மல்லாக்கப் பிடிக்காமல் குப்புறப் பிடித்துக் கொடு.

நீ களைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. நான் இருந்திருக்க வேண்டும்.

டெல்மர்


வில்லோ பெண்ட்
பிப்ரவரி 15

அன்புள்ள டெல்மர்,

அவள் நக்கிவிட்டாள்.

இன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. பாலைப் பீய்ச்சிப் பெரிய வெள்ளை ஆண் குட்டியின் முதுகில் தடவி, நீ சொன்னபடி பின்பக்கத்தைக் காட்டி நீட்டினேன். மோந்தாள். தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி மோந்தாள். அப்புறம் நாக்கை நீட்டி, ஏதோ தெரியாத்தனமாகப் பட்டுவிட்டது போல, ஒரே ஒரு முறை நக்கினாள். நான் கையை அசைக்கவில்லை. திரும்ப நக்கினாள். பிறகு அந்த அகலமான நாக்கால் குட்டி உருண்டு போகும் அளவுக்கு நக்க ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வரிக்குட்டியைக் கடைசியாகக் கொடுத்தேன். அதை ரொம்ப நேரம் மோந்து பார்த்தாள். அப்புறம் மூக்கால் தள்ளித் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். இப்போது ஐந்தும் அவளிடம்தான் படுத்திருக்கின்றன. நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேசச் சொன்னாயே, பேசினேன். உன் கடிதத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு, நீ எழுதியதை அப்படியே அவளிடம் படித்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் பார்க்காமலே வந்தது. பரவால்லடா கண்ணு, உன்மேல ஒரு தப்பும் இல்ல என்று சொல்லச் சொல்ல அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தேன். அவள் என் மடியில் தலையை வைத்தாள். நான் அழுதேன், டெல்மர். ரொம்ப நேரம் அழுதேன். தூக்கம் இல்லாததால் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை.

நம் ஷெல்லி பிறந்தது எனக்கு ஞாபகம் வந்தது. என் வயிற்றையும் அறுத்துத்தான் அவளை எடுத்தார்கள். நானும் வயிற்றோடு தூங்கி வயிறு இல்லாமல் விழித்தேன். யாரோ ஒரு குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். உன் அம்மா நர்ஸைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நீ ஜன்னல் பக்கம் நின்றிருந்தாய். வெளியே கார்களைப் பார்த்துக்கொண்டே, "எல்லாப் பொம்பளைங்களும்தான் பெத்துக்குறாங்க. உனக்கு மட்டும் என்ன கேடு, கொரீன்?" என்றாய். பிறகு கோதுமை விதைக்கும் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனாய்.

சண்டைக்காக இதை எழுதவில்லை. உன் வார்த்தைகளை வாய் விட்டுப் படித்தபோது, அந்தக் கட்டிலில் இருந்த எனக்கு யாரோ அதைச் சொல்வது போல இருந்தது. அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். இந்த வீட்டில் வேறு யாரிடம் சொல்ல?

பியூலா சூப் முழுவதும் குடித்துவிட்டாள். என் மணிக்கட்டுக் காயம் ஆறி வருகிறது. டாக்டர் ஊசி போட்டார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கொரீன்


சுரங்க முகாம்
பிப்ரவரி 19

அன்புள்ள கொரீன்,

பதில் எழுதத் தாமதம். மெஷின் ஒன்று பழுதாகி எல்லாரும் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்தோம்.

ரொம்ப சந்தோஷம். நக்க ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் கண் வைத்துக்கொள். புல்டாக் படுக்கும்போது பார்த்துப் படுக்காது, குட்டிமேல் உட்கார்ந்துவிடும். காம்பு எதுவும் கல் மாதிரி கெட்டியாகச் சூடாக இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார். அவள் மூச்சு இரைத்தாலோ கால் நடுங்கினாலோ சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் கொண்டுபோ. குட்டிகளுக்கு நகம் வளர்ந்து அவள் வயிற்றைக் கீறும். நகவெட்டியால் நுனியை மட்டும் எடு.

நீ எழுதியிருந்த மற்ற விஷயம். அது ரொம்ப பழைய கதை, கொரீன். அப்போது யாருக்கு என்ன தெரியும். நான் அப்படிச் சொன்னேனா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் கெட்ட எண்ணத்தில் இருந்திருக்காது. ஷெல்லி நன்றாகத்தானே வளர்ந்தாள். கால்கரியில் நல்ல வேலையில் இருக்கிறாள். எல்லாம் சரியாகத்தான் முடிந்தது.

மாதக் கடைசியில் எனக்கு இரண்டு வாரம் லீவு. இந்த முறை பிரின்ஸ் ஆல்பர்ட்டில் லைல் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று பார்க்கிறேன். அண்ணன் வீடு என்றாலும் எத்தனை நாள் அவன் சோபாவில் படுப்பது. நான் நம் வீட்டுக்கே வரலாமா? உன் கடிதங்களைப் படிக்கும்போது, நாம் மறுபடி ஒரு வேலையைச் சேர்ந்து செய்கிற மாதிரி இருக்கிறது. வெகு காலத்துக்குப் பிறகு. குட்டிகளையும் பார்க்க வேண்டும், உன்னையும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
டெல்மர்


வில்லோ பெண்ட்
பிப்ரவரி 24, சனி

அன்புள்ள டெல்மர்,

குட்டிகளுக்குக் கண் திறந்துவிட்டது. எதையும் பார்க்கிற மாதிரி தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் வெறுமனே திறந்திருக்கின்றன. வரிக்குட்டி இப்போது பாட்டிலைத் தொடுவதில்லை. மற்றவற்றை மிதித்துக்கொண்டு போய்க் காம்பைப் பிடிக்கிறது. பிழைத்துவிட்டது. நீ எழுதியது எதுவும் வீண் போகவில்லை. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மனதாரச் சொல்கிறேன்.

வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. பாதையில் பனி அள்ளவில்லை, டிரக்கை ஐவர் கொட்டகைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வா. நான் வீட்டில் இருக்க மாட்டேன். நீ வருகிற அன்று காலை யார்க்டனில் என் தங்கை பெவ் வீட்டுக்குப் போகிறேன். எனக்குத் தூக்கம் வேண்டும். ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, எந்தச் சத்தத்துக்கும் எழாமல் தூங்க வேண்டும். அது வரை நீ பியூலாவையும் குட்டிகளையும் பார்த்துக்கொள். உன் லீவு முடிந்து நீ கிளம்பிய பிறகு நான் திரும்பி வருவேன்.

கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமாக இருந்திருந்தால் இத்தனை நாள் யோசித்திருக்க மாட்டேன். ஞாபகம் இல்லை என்று நீ எழுதியதைக்கூட நம்புகிறேன். உனக்கு ஞாபகம் இருக்க வேண்டிய அவசியம் என்ன? கட்டிலில் படுத்திருந்தது நான்தானே.

ஷெல்லி நன்றாகத்தானே வளர்ந்தாள் என்றாய். வளர்ந்தாள். எப்படி என்று உனக்குத் தெரியாது. அந்தக் கோடை முழுக்க நீ வயலில் இருந்தாய். நான் அவளுக்குப் பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன், அந்நியர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள் போல எல்லாம் சரியாகச் செய்வேன். உள்ளே ஒன்றும் இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. அறுவடை முடிந்து முதல் பனி விழுந்த ஒரு மத்தியானம், தொட்டியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அவள் என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சத்தம் போட்டாள். நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். அவள் சிரித்தாள். அன்றுதான் அவள் என் குழந்தை ஆனாள். நேற்று அவளுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.  "அவ்ளோ நாள் தனியாவாம்மா இருந்தே?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

டெல்மர், இத்தனை வருஷமும் உன்னிடம் அந்த மாதிரி வார்த்தைகள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில மனிதர்களுக்குப் பாட வராது, சிலருக்கு நீந்த வராது. உனக்கு இது வராது. அப்படி நினைத்துக்கொண்டு உன்னோடு வாழ முடிந்தது. இல்லாததைக் கேட்டு யார் சண்டை போடுவார்கள்? இப்போது உன் கடிதங்கள் மேஜைமேல் இருக்கின்றன. எல்லாம் உன்னிடம் இருந்திருக்கிறது. பொறுமை, கனிவு, வலியில் இருக்கிற ஒருத்தியிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற அறிவு, எல்லாமே. அதை வேறு இடத்தில் செலவழித்தாய். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் முன்பு மாதிரி இருக்க முடியவில்லை.

நான் எழுதியதை நீ படித்தபோது உன் வாயில் வந்தது சுண்ணாம்புச் சத்தும் நகவெட்டியும். அதனால்தான் பெவ் வீட்டுக்குப் போகிறேன்.

குட்டிகள் பால் மறக்கும் வரை நான் பார்த்துக்கொள்வேன். அப்புறம் லைல் வந்து ஐந்தையும் எடுத்துப் போகட்டும். நல்ல வீடுகளாகப் பார்த்துக் கொடு. பியூலாவைத் தர மாட்டேன். அவள் என்னோடு இருப்பாள். இனி அவளுக்கு இணை சேர்ப்பதெல்லாம் இல்லை. டாக்டர் ஹால்வர்சனிடம் பேசிவிட்டேன், உடம்பு தேறியதும் கருத்தடை ஆபரேஷனைச் செய்துவிடுவார். உன் உடைகளையும் கருவிகளையும் இந்த லீவில் எடுத்துக்கொண்டு போய்விடு. அடுத்த லீவுக்கு எங்கே தங்குவது என்று லைலோடு பேசி முடிவு செய்துகொள்.

சூப் செய்து டப்பாக்களில் உறைய வைத்திருக்கிறேன். சூடாக்கி ஆறவிட்டுக் கொடு. அவள் சாப்பிடும்போது குட்டிகளைத் தொடாதே. நேற்று நான் வரிக்குட்டியை எடை போட எடுத்ததற்கே என்னைப் பார்த்து உறுமினாள். இத்தனை நாள் இடுப்பொடிய உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருப்பி வைத்துவிட்டேன்.

உன்னைப் பார்த்தும் உறுமுவாள். வருத்தப்படாதே. அவை இப்போது அவளுடையவை.

கொரீன்